நீலத்தைக் கீழே இழுத்தால்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு இந்தப் பக்கம் போதும். அந்தத் திரையை மட்டும் இழுத்து விட்டுறாதீங்க. வெயில் மூஞ்சியில அடிச்சாலும் பரவாயில்ல, எனக்கு வானம் தெரியணும்.

மேல பாருங்க. என்ன தெரியுது? ஒண்ணுமில்ல, இல்லையா. நீலம். அங்கங்க வெள்ளையா மேகம், பஞ்சுமிட்டாய் மாதிரி. இதைப் பார்த்தா நீங்க நல்ல வெயில்னு சொல்வீங்க. உங்க மேல தப்பில்ல, எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நான் பார்த்தா என்ன சொல்வேன் தெரியுமா? இதுக்குள்ள ஒரு புயல் படுத்துத் தூங்குதுன்னு சொல்வேன். எழுப்பத் தெரியணும், அவ்வளவுதான்.

எப்படின்னு கேக்குறீங்களா. கேக்கலையா. சரி, கேக்காட்டியும் சொல்றேன், புன்னைத்துறை வர இன்னும் நேரம் கிடக்கு.

பிலிம் காலத்துல லென்சுக்கு முன்னால சிவப்புக் கண்ணாடி ஒண்ணு மாட்டுவோம். அது நீல வெளிச்சத்தை உள்ள விடாது. கறுப்பு வெள்ளைப் படத்துல நீல வானம் அப்படியே கறுத்துப் போகும், மேகம் மட்டும் வெள்ளையா தனிச்சு நிக்கும். இப்ப அந்தக் கண்ணாடியும் வேண்டாம். கம்ப்யூட்டர்ல நீலத்துக்குன்னு ஒரு கோடு இருக்கு, அதுல ஒரு குமிழ். அதைப் பிடிச்சு நீலத்தைக் கீழே இழுத்தா பட்டப்பகல் இருட்டும். ரொம்ப இழுத்தா புள்ளி புள்ளியா அசிங்கமாயிடும். கடலும் வானமும் சேர்ற இடத்துல வெள்ளையா ஒரு விளிம்பு வந்து மானத்தை வாங்கும். கத்துக்குட்டிங்க அங்கதான் மாட்டுவாங்க. எனக்கு அது வராது. அப்புறம் மேகத்தோட அடிவயித்தைக் கறுப்பாக்கணும். மெதுவா, தோசைக்கல்லுல எண்ணெய் தடவுற மாதிரி தடவித் தடவி. அடிவயிறு கறுத்தாத்தான் மேகம் கனக்கும். கனத்தாத்தான் பாக்குறவனுக்குப் பயம் வரும். இதை நான் யாருகிட்டயும் கத்துக்கல. நானே உக்காந்து கண்டுபிடிச்சது.

என் பேரு ஆவுடையப்பன். தூத்துக்குடியில ஆவுடை ஸ்டூடியோன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. கல்யாணம், காதுகுத்து, பூப்பு நீராட்டு, எல்லாம் எடுத்தேன். சோத்துக்கு அது. மனசுக்கு இந்த வானம். வருஷா வருஷம் கறுப்பு வெள்ளைப் போட்டிக்குப் படம் அனுப்புவேன், வருஷா வருஷம் திரும்பி வரும். ஒரு தடவை சென்னையில ஒரு நடுவர் அத்தனை பேரு முன்னால சொன்னாரு, "ஆவுடையப்பன், உங்க வானம் செத்துக் கிடக்கு." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய? ஆனா அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு தம்பி. அன்னைக்கு நினைச்சேன், ஒரு நாள் இவனுங்க வாயை அடைக்கிற மாதிரி ஒரு வானம் செய்யணும்னு.

செஞ்சுட்டேன். அந்த வானத்தைத்தான் இப்ப கல்லுல செதுக்கியிருக்காங்க. ஆமா, கருங்கல்லுல. புன்னைத்துறையில கடலுக்குப் போய் உயிரோட திரும்பாதவங்களுக்கு ஒரு நினைவுக்கல் வைக்கிறாங்க. இன்னைக்குக் கல்லறைத் திருநாள் பாருங்க, சாயங்காலம் திறப்பு. திரையை விலக்குறது யாரு? நான். ஊரே நிக்கும். சாமியார் நிப்பாரு. மாலை எல்லாம் வேண்டாம்னு சொல்லியிருக்கேன், ஆனா போடத்தான் செய்வாங்க.

அங்க ஒரு பொம்பளையும் வந்து நிப்பா. அவளை நினைச்சாத்தான் எரிச்சலா இருக்கு. ரெண்டு வருஷமா என்னைப் படுத்துற பாடு கொஞ்சமில்ல. நான் ஒரு வார்த்தை கடுமையாப் பேசினதில்ல அவகிட்ட. அப்படியும் விடமாட்டேங்குறா. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, யாரு மேல நியாயம்னு.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி இதே ஐப்பசி. காலையில புன்னைத்துறைக்குப் போனேன், படம் எடுக்கலாம்னு. போனா கரையில ஆளே இல்ல. என்னடான்னு பார்த்தா, ஊர்த்தலைவர் சிலுவைமுத்து சொந்தத்துல ஒரு கல்யாணம், திருநெல்வேலியில. வேன் பிடிச்சு மொத்த ஊரும் போயிருக்கு. கரையில ஒரே ஒரு வள்ளம் கிளம்பிக்கிட்டு இருந்துது. பைபர் வள்ளம், சின்னதுதான். மூணு பேரு. கஸ்பார்னு ஒரு ஆளு, அவர் வள்ளம் அது. கூட ரெண்டு இளவட்டம். ஒருத்தன் ரெக்ஸ், அந்தச் சிலுவைமுத்து மகன். இன்னொருத்தன் இன்னாசி, சிலுவைமுத்துக்கு மருமகன் முறை. கணவாய் மீன் நல்லாக் கிடைக்கிற நேரமாம், கல்யாணச் சாப்பாட்டை விட்டுட்டு ரெண்டும் கஸ்பார்கூட ஒட்டிக்கிச்சு.

அந்தக் கரையில ஒரு வழக்கம் இருக்கு. வள்ளத்துக்கு உரியவன் முதல்ல அணியத்துல ஏறி நிப்பான், முன்பக்கம். வானத்தையும் அலையையும் பார்த்து அவன் "போவலாம்"னு சொன்னாத்தான் மத்தவங்க தள்ளுவாங்க. அவன் சொல்லு அது. கடல்ல நல்லது கெட்டது எது நடந்தாலும் அது அவன் தலையில. கஸ்பார் அப்படித்தான் நின்னாரு. நெத்தியில கையை வச்சுக்கிட்டு. பின்னால பசங்க ரெண்டும் தோளைக் குடுத்துத் தள்ளுறாங்க. நான் வடக்கே பார்த்து நின்னேன், சூரியன் எனக்கு வலப்பக்கம், கடல் மேல. வடக்கு வானம் நல்ல அழுத்தமான நீலம். பார்த்ததுமே கை அரிச்சுது. டக்டக்னு எடுத்துட்டேன்.

என்ன? வானம் நிஜமா எப்படி இருந்துச்சா? நான்தான் முதல்லயே காட்டினேனே தம்பி. இதே மாதிரிதான். இந்த ஜன்னல்ல தெரியுதே, இதே நீலம், இதே பஞ்சு. கஸ்பார் நெத்தியில கை வச்சது எதுக்கு? கண்ணு கூசிச்சு, அதுக்கு. என்னைப் பார்த்துத் திரும்பி, "அண்ணாச்சி, டீ குடிச்சீங்களா? வீட்டுல கேளுங்க, தருவா"ன்னு சத்தம் போட்டாரு. அவர் சம்சாரம் பக்கத்துலதான், வலையை மணல்ல விரிச்சு அதுமேல சாளை மீனைக் கருவாட்டுக்குக் காயப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அமலோற்பவம்னு பேரு. டீ குடுத்துச்சு. நல்ல டீ. அதைச் சொல்லாம இருக்கக்கூடாது.

மதியத்துக்கு மேல காத்து மாறிடுச்சு. எங்கிருந்து வந்துச்சோ தெரியாது, தூத்துக்குடியில எங்க ஸ்டூடியோ போர்டே கழண்டு தொங்குச்சு. ராத்திரி வள்ளம் பக்கத்து ஊர்ல குப்புறக் கரை ஒதுங்குச்சு. மறுநாள் ரெக்ஸும் இன்னாசியும் ஒதுங்கினாங்க. கஸ்பார் வரவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் வரல.

பேப்பர்ல செய்தியைப் பார்த்ததும் உடனே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எடுத்த அன்னைக்கு அந்தப் படத்தை நான் பெருசா நினைக்கவே இல்ல. மூணு பேரு, ஒரு வள்ளம், வெயிலு. இப்ப பாக்குறேன், அந்த மூணு பேரும் செத்தவங்க. படம் அப்பத்தான் தம்பி உயிர் பெறுது. ஆனா வானம் மட்டும் பொருந்தல. சாகப் போறவனுக்கு மேல இப்படியா வானம் பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கும்? சாவுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? உக்காந்தேன். நீலத்தைக் கீழே இழுத்தேன். மேகத்துக்கு வயிறு வச்சேன். கடல்கிட்ட ஒரு வெளிச்சக் கீத்து மட்டும் விட்டேன், அந்தக் கீத்துக்கு நேரா கஸ்பார் நிக்கிறாரு, நெத்தியில கை. இப்பப் பார்த்தா அவர் வெயிலுக்குக் கை வைக்கல. வர்ற புயலை உத்துப் பாக்குறாரு. பார்த்துட்டும் போறாரு. எனக்கே மயிர்க்கூச்செடுத்துச்சு.

ஒரு சங்கடம் வந்துச்சு. நிழலு. காலை வெயில் இல்லையா, மூணு பேரோட நிழலும் மணல்ல நீளமா விழுந்து கிடந்துச்சு. இவ்வளவு பெரிய புயல் வானத்துக்குக் கீழ நிழல் ஏது? பாக்குறவன் சிரிப்பான். ஒவ்வொரு நிழலா அழிச்சேன். ஈர மணல், அதுல அலை வந்து போன கோடு, சிப்பி, எல்லாத்தையும் பக்கத்துலேருந்து எடுத்து எடுத்து ஒட்டணும். லேசுப்பட்ட வேலை இல்ல. என் வீட்டுக்காரி காபி கொண்டாந்து வச்சுட்டு ஸ்கிரீனைப் பார்த்தா. "எதுக்குங்க நிழலை அழிக்கிறீங்க?"ன்னா. "புயல்ல நிழல் இருக்காதுடி"ன்னேன். "அன்னைக்கு வெயில்ல போய் மூஞ்சி கறுத்து வந்தீங்களே"ன்னா. பொம்பளைங்களுக்குக் கலையைப் பத்தி என்ன தெரியும். அப்புறம் இடது மூலையில அந்தக் கருவாடு. ஒரு பிளாஸ்டிக் பேசின் வேற. கண்ணை உறுத்துச்சு. வெட்டி எறிஞ்சேன். படம் சுத்தமாயிடுச்சு.

'தெரிந்தே போனவன்'னு பேரு வச்சேன். எப்படி இருக்கு? அந்தப் பேருக்கே பாதிப் பரிசு குடுக்கலாம்னு சொன்னாங்க.

முதல் பரிசு. அந்த நடுவரே, செத்துக் கிடக்குன்னு சொன்னாரே அவரே, மேடையில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இது வானமில்ல, தீர்ப்பு"ன்னாரு. பேப்பர்ல பெருசாப் போட்டாங்க. நான் அழுதுட்டேன் தம்பி. வெக்கமில்லாமச் சொல்றேன், அழுதேன்.

பேப்பர் புன்னைத்துறைக்கும் போகும்ல. போச்சு. சிலுவைமுத்து பார்த்துட்டாரு. அதுவரைக்கும் ஊர்ல எல்லாரும் விதின்னுதான் இருந்திருக்காங்க. கல்யாணத்துக்குப் போனவங்க அங்க காலையிலேயே மழையில நனைஞ்சிருக்காங்க, மண்டபத்துல பந்தலே ஒழுகிச்சாம். இங்க வானம் எப்படி இருந்துச்சுன்னு பார்த்தவங்க யாரும் இல்ல. பார்த்த மூணு பேரும் போயாச்சு, கஸ்பார் சம்சாரம் சொன்னா புருஷனுக்காகச் சொல்றான்னுதானே நினைப்பாங்க. இப்பப் படத்தைப் பாக்குறாங்க. தலைக்கு மேல இப்படி ஒரு வானம், அதைக் கை வச்சுப் பார்த்துட்டு, "போவலாம்"னு சொல்லியிருக்கான் கஸ்பார். ரெண்டு பச்சப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு. யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஊரை விட்டு ஒதுக்கினாங்கன்னு எல்லாம் அந்த அமலோற்பவம் சொல்லிக்கிட்டுத் திரியுறா, நான் முதல்ல சொன்ன பொம்பளை அவதான். அப்படி ஒண்ணும் செய்யல. ஏலத்துல அவ விலை கேட்டா யாரும் மீன் குடுக்க மாட்டாங்களாம், அவ்வளவுதான். அவ மக உக்காந்தா பெஞ்சுல மத்த பிள்ளைங்க தள்ளி உக்காருமாம். பிள்ளைங்கதானே. அப்புறம் இந்தக் கல்லு. அதுதான் அவளுக்கு முக்கியம். பாருங்க, கல்லறைத் திருநாள் அன்னைக்கு அவங்க சனம் எல்லாம் செத்தவங்க குழிமேல பூ வச்சு மெழுகுவத்தி ஏத்துவாங்க. கடல் திருப்பிக் குடுக்காதவனுக்குக் குழி ஏது? அவனுக்கு இந்தக் கல்லுல இருக்கிற பேருதான் குழி. அதுக்கு முன்னாலதான் வத்தி ஏத்தணும். கல்லுல கஸ்பார் பேரு கிடையாதுன்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. கொண்டு போய்க் கொன்னவன் பேரை, கொல்லப்பட்டவன் பேருக்குப் பக்கத்துல வெட்ட முடியாதுன்னு சிலுவைமுத்து சொல்லிட்டாரு. பெத்த மனசு, அதைக் குறை சொல்ல முடியுமா?

அதுக்கப்புறம்தான் அவ ஸ்டூடியோவுக்கு வந்தா. வாசல்லயே நின்னா, உள்ள வரச் சொன்னாலும் வரல. செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு நின்னா, ஏதோ கோயிலுக்கு வந்த மாதிரி.

"அண்ணாச்சி, நீங்க எடுத்த படம் முழுசா இருக்குமா?"ன்னு கேட்டா.

"முழுசாத்தானேம்மா பேப்பர்ல வந்திருக்கு"ன்னேன்.

"இல்ல அண்ணாச்சி. அதுல எங்க கருவாட்டைக் காணல. அன்னைக்கு நான் சாளை காயப் போட்டிருந்தேம்லா. நீங்ககூட மிதிச்சுரக்கூடாதுன்னு சுத்திப் போனீயளே. மழை இருட்டுல எவளாவது கருவாடு காயப் போடுவாளா? வெயிலுல்லா அடிச்சுது. அந்தத் துண்டை மட்டும் தாங்க. நான் ஊருல காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்து தந்துருதேன். அவரு பேரைக் கல்லுல போட்டுருவாவ."

சொல்லுங்க தம்பி, நான் என்ன செய்ய முடியும்? ஒரிஜினலை எவனாவது வெளியில குடுப்பானா? குளிச்சு முடிச்சு வேட்டி கட்டறதுக்கு முன்னால யாராவது தெருவுல வந்து நிப்பாங்களா? அதுவும் இல்லாம போட்டியில ஒரு விதி இருக்கு. வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம். படத்துக்குள்ள இருக்கிற எதையும் எடுக்கக்கூடாது, இல்லாததைச் சேர்க்கக்கூடாது. நிழலை எடுத்தது தப்பான்னு கேட்டா, நிழல் ஒரு பொருளா? நீங்களே சொல்லுங்க. கையில பிடிக்க முடியுமா அதை? ஆனா வேண்டாதவன் எவனாவது கிளப்பினா, பரிசைப் பிடுங்கிட்டுப் போயிருவானுங்க. மறுபடியும் சிரிப்பானுங்க. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது.

அதனால பக்குவமா எடுத்துச் சொன்னேன். "அம்மா, கேமரா கண்ணாடி மாதிரி. எதிர்ல இருக்கிறதுதான் படத்துல இருக்கும். இருக்கிறதை எடுக்கவும் முடியாது, இல்லாததை வைக்கவும் முடியாது. கடவுளே வந்தாலும் முடியாது"ன்னேன்.

அப்புறம் கேட்டா, "அப்ப என் கண்ணுதான் தப்பாப் பாத்துச்சா அண்ணாச்சி?"

"இருக்கலாம்மா. துக்கத்துல மனசு அப்படித்தான். வேற ஒரு நாள் வெயிலை நினைச்சுக்கிட்டு இருக்கே"ன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். தலையை ஆட்டிட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

எங்க முடியுது. அந்தப் படத்துக்கு அப்புறம் எனக்கு மதிப்பு வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வகுப்பு எடுக்குறேன், வானம் எப்படிச் செய்யுறதுன்னு. டாக்டருங்க, பேங்க் ஆபீசருங்க, காலேஜ் பசங்க எல்லாம் வர்றாங்க. முதல்ல ஒரிஜினலைப் பெரிய திரையில போடுவேன். வெயிலு, நிழலு, கருவாடு, பேசின், எல்லாம் அப்படியே. அப்புறம் அவங்க கண்ணு முன்னாலயே நீலத்தைக் கீழே இழுப்பேன். பட்டப்பகல் புயலா மாறும்போது எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுவாங்க. ஒரிஜினலைக் காட்டாம எப்படிப் பாடம் நடத்துறது? இது படிக்கிறவங்களுக்கு, போட்டிக்காரங்க யாரையும் உள்ள விடமாட்டேன். அவளுக்குக் காட்டி என்ன புரியப் போகுது?

அப்புறம் தூத்துக்குடியிலேயே கண்காட்சி வச்சோம். என் வானம் மட்டும், வேற எதுவும் கிடையாது. ஒரு பெரிய அதிகாரி வந்து திறந்து வச்சாரு. அவர் வர்ற நேரம் பார்த்து இவளும் வந்து நிக்கிறா, மகளையும் இழுத்துக்கிட்டு. நேரா அந்தப் படத்துக்கு முன்னால. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் ஒரே வார்த்தை. "அன்னைக்கு வெயிலுல்லா அடிச்சுது." சத்தம் போட்டாலாவது வெளிய அனுப்பலாம். சன்னமாச் சொல்றா, பஸ் ஸ்டாண்டுல நேரம் கேக்குற மாதிரி. "அன்னைக்கு வெயிலுல்லா அடிச்சுது." அவ கண்ணுதான் தப்புன்னு நான் சொன்னதை நம்பிட்டான்னு இருந்தேன். நம்பல பாருங்க. நெஞ்சழுத்தம்.

அதிகாரி கேட்டாரு, "யாருங்க இந்தம்மா?" எனக்கு உயிரே போச்சு. "படத்தோட பாதிப்பு சார். சிலருக்கு அப்படி ஆயிடுது"ன்னேன். அவர் அசந்துட்டாரு. "ஒரு கலைக்கு இதைவிட வேற என்ன பரிசு வேணும்"னாரு. நல்ல ரசிகர்.

அந்தப் பொண்ணு இருக்கே, பன்னெண்டு வயசு இருக்கும், அது எக்கி நின்னு கண்ணாடியில அப்பன் நிக்கிற இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச்சு. கண்ணாடி பூரா விரல் ரேகை. சுளீர்னு கோபம் வந்துச்சு எனக்கு, ஆனா சத்தம் போடல. கைக்குட்டையை எடுத்து அது கண்ணு முன்னாலயே துடைச்சேன், அப்பத்தானே புரியும். ரெண்டு பேருக்கும் ஜூஸ் வாங்கிக் குடுத்தேன். அதுமட்டுமில்ல, "இந்தாம்மா, நீ வீட்டுல வச்சுக்கோ"ன்னு அதே படத்தைச் சட்டம் போட்டு இனாமாக் குடுத்தேன். இனாமா. வாங்கல. என்ன சொன்னா தெரியுமா?

"வேண்டாம் அண்ணாச்சி. இந்த வானத்துக்கு முன்னால நான் வத்தி ஏத்துனா, அவரு செஞ்சது கொலைதான்னு நானே ஒத்துக்கிட்டாப்புல ஆயிரும்."

திமிரு. வேற என்ன சொல்ல? நான் குடுத்த படத்தை வேண்டாம்னு சொன்ன ஒரே ஆளு அவதான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

அப்புறம் இந்த வருஷம் சிலுவைமுத்து வந்தாரு. கல்லுல பேரு மட்டும் இருந்தா பத்தாது, மேல உங்க படத்தைச் செதுக்கணும்னாரு. பேப்பர் மக்கும், பிரிண்ட் மங்கும், கல்லு நிக்கும்ல. சரின்னேன். மனுசன் எந்திரிக்கல. நாற்காலியிலயே உக்காந்து துண்டை முறுக்கிக்கிட்டு இருந்தாரு.

"அண்ணாச்சி, அந்த ஆளு எங்க பிள்ளைகளோட ஒரே கல்லுல நிக்கக்கூடாது. அவன எடுத்துரணும். முடியுமா?"

முடியுமாவா. யாருகிட்ட வந்து கேக்குறாரு. கஸ்பார் நிக்கிறது அணியத்துல, பின்னால வெறும் வானம். எடுக்கிறது லேசு. எடுத்த இடம் ஓட்டையாத் தெரியாம மூடுறதுதான் வித்தை. அங்க ஒரு மேகம் செஞ்சேன் தம்பி. வேற படத்துலேருந்து எடுத்தது இல்ல, அந்த வானத்துலேருந்தே கொஞ்சம் கொஞ்சமாத் திரட்டிச் செஞ்சது. பசங்க ரெண்டு பேரும் ஆளில்லாத வள்ளத்தைத் தள்ளுறாங்க, எதிர்ல அந்த மேகம் அப்படியே எந்திரிச்சு நிக்குது. உண்மையைச் சொன்னா, முதல் படத்தைவிட இதுதான் நல்லா இருக்கு. அந்த ஆளு நின்னு கொஞ்சம் மறைச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு.

பார்த்துட்டு சிலுவைமுத்து துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாரு. அப்புறம் கேட்டாரு, "அண்ணாச்சி, நான் ஒண்ணு கேப்பேன், தப்பா நினைக்கக்கூடாது. அவன் பொண்டாட்டியை விட்டா நீங்க ஒருத்தர்தான் அன்னைக்குக் கரையில நின்னது. வானம் இம்புட்டு கறுப்பாவா இருந்துச்சு? கஸ்பார் என் கூடப் படிச்சவன். அவன் இப்படிச் செய்யுறவன் இல்ல. அதான் கேக்கேன்."

அவர் கண்ணைப் பார்த்தேன். பாவமா இருந்துச்சு. இத்தனை நாள் ஒரு கோபத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அந்த மனுசன் நடமாடுறாரு. அதை நான் பிடுங்கலாமா? பிடுங்கினா, பிள்ளையை விட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போனோமேன்னு அவரையே அவர் தின்னுக்குவாரு. அது பாவமில்லையா?

"இதைவிடக் கறுப்பு. நான் கொஞ்சம் குறைச்சிருக்கேன்"னேன்.

மனுசன் உடைஞ்சு அழுதாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நானும் அழுதேன். நல்லது செஞ்ச திருப்தி இருந்துச்சு தம்பி, பொய் சொல்லல.

சரி, இன்னைக்குக் காலையில நடந்ததைக் கேளுங்க. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். குளிச்சுட்டு வந்து உக்காந்தேன், போன் அடிக்குது. அவதான். நம்பரை மாத்தி மாத்திக் கூப்பிடுவா. எடுத்துட்டேன் தெரியாம. திட்டப் போறான்னு இருந்தேன், இல்ல, குரல் நல்லா இருந்துச்சு. அவ குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்ல.

"அண்ணாச்சி, கல்லுல உங்க படத்தை வெட்டியிருக்காவளாமே. திரை போட்டு மூடி வச்சிருக்காவ, பாக்க முடியல. பேரு இல்லாட்டாப் போகுது அண்ணாச்சி. படம் இருந்தா அவரு இருப்பாருல்லா? படத்துல இருக்கிறதை யாராலயும் எடுக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீய. கடவுளே வந்தாலும் முடியாதுன்னு. வானம் கறுப்பா இருந்தாலும் இருந்துட்டுப் போகுது. அவரு நிக்கிற இடத்துக்கு நேரா கீழ ஒரு வத்தி ஏத்திக்கிடுதேன். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா? பிள்ளைக்குப் புதுத்துணி போட்டுக் கூட்டிட்டு வாரேன்."

பாத்தீங்களா தம்பி. நெஞ்சழுத்தம்னு நினைச்சேன், என் வார்த்தையை இவ்வளவு நாளா அப்படியே பிடிச்சு வச்சிருந்திருக்கா. நல்ல காரியத்துக்குக் கிளம்புற நேரம், காலங்காத்தால எதுக்கு ஒருத்தர் மனசை நோகடிக்கணும்?

"வாம்மா, வந்து பாரு"ன்னேன். "பிள்ளையை முன்னால நிறுத்து, அப்பத்தான் தெரியும்"னேன். அழுதுக்கிட்டே நன்றி சொன்னா. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா எனக்கு நன்றி சொல்லியிருக்கா அவ.

அந்தா, கோயில் கோபுரம் தெரியுது பாருங்க, சிலுவை வச்சது. புன்னைத்துறை வந்துடுச்சு. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. கேமரா இருக்கு, பாத்து. திறப்பு விழாவைப் படம் எடுக்கணும்ல. நான் திரையை விலக்கும்போது எடுக்கச் சொல்லி யாருகிட்டயாவது குடுக்கணும். முன்வரிசையில அந்தப் பொண்ணு புதுத்துணியோட நிக்கும், கையில மெழுகுவத்தி இருக்கும். ஆளைத் தேடும். தேடட்டும். அவ அப்பன் நின்ன இடத்துல நல்ல மேகமா ஒண்ணு வச்சிருக்கேன், அதையாவது பாக்கட்டும்.

வெயில்தான் இன்னைக்கும் கொளுத்துது. பரவாயில்ல, அதை நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்குறேன்.